டைமிங் பெல்ட்: விரலா, முள்ளா, ஆயிலா? எதை நம்பி இறுக்குவது

சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓட்டியவர்களுக்கு பெல்ட் என்றால் ஒரே வைத்தியம்தான்: வழுக்கினால் இறுக்கு. தோட்டத்து ஆயில் எஞ்சினுக்கும், ஊர் மாவு மில்லுக்கும் அதேதான். நானும் அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்தவன். அதனால் காருக்கு டைமிங் பெல்ட் மாற்றியபோது, "கொஞ்சம் டைட்டாவே இருக்கட்டுங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாய்க்கு என்ன விலை கொடுத்தேன் என்பது கீழே வருகிறது.

தறி பெல்ட்டும் வி-பெல்ட்டும் உராய்வில் இழுப்பவை. இறுக்கினால்தான் பிடிக்கும். டைமிங் பெல்ட் என்பது எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) சுற்றும் கணக்கிலேயே கேமை (வால்வைத் திறக்கும் தண்டு) சுற்ற வைப்பது. அதற்குப் பல் உண்டு. பல் புல்லியின் பள்ளத்தில் உட்கார்ந்து இழுக்கிறது. அதற்கு இறுக்கம் தேவைப்படுவது பிடிப்புக்காக இல்லை, பல் பள்ளத்தை விட்டு மேலே ஏறிவிடாமல் இருப்பதற்காக மட்டும். அதைத் தாண்டி இறுக்கினால் அத்தனையும் பேரிங் தலையில்தான் விடியும். குறைவாக இறுக்கினால் பல் தாண்டும். கிராங்க் இரண்டு சுற்றுக்கு கேம் ஒரு சுற்று என்ற கணக்கு ஒரு பல் தப்பினாலே வண்டி இழுக்காது. இரண்டு மூன்று பல் தப்பினால் பல எஞ்சின்களில் பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு இன்னும் திறந்தே நிற்கும். அப்புறம் இரண்டும் முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

உங்கள் வண்டியில் இருப்பது பெல்ட்டா செயினா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மாருதி 800, ஆம்னி, ஆல்டோ 800, சான்ட்ரோ, டீசல் இண்டிகா, டஸ்டரின் 1.5 டீசல், போலோ டீசல், பழைய 2.5 இன்னோவா எல்லாம் பெல்ட். ஸ்விஃப்டின் 1.3 டீசலும் இன்னோவா கிரிஸ்டா 2.4-ம் செயின். ஐ10 ஒரே பெயரில் இரண்டு விதமாக வந்தது: 1.1 எஞ்சினுக்கு பெல்ட், 1.2 கப்பாவுக்கு செயின். பக்கத்து வீட்டு ஐ10-ஐக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

பெல்ட் மட்டுமா, முழு கிட்டா

எங்கள் வீட்டு டீசல் ஹேட்ச்பேக்குக்கு ஈரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் பெல்ட் மாற்றினோம். பையன் டென்ஷனர் உருளையை (பெல்ட்டைத் தள்ளி இறுக்கிப் பிடிப்பது) கையில் சுற்றிக் காட்டினான். "ஏனுங்ணா, சத்தமே இல்லைங். நல்லாத்தான் இருக்குது. இதை எதுக்கு மாத்திட்டு?" எனக்கும் சந்தோஷம், சில ஆயிரம் மிச்சம். கூடவே அந்த "டைட்டாவே இருக்கட்டுங்க".

ஒன்றரை வருஷம் ஓடியது. கடைசி சில வாரம் ரேஸ் ஏற்றும்போது மெல்லிய ஊளைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. டர்போ சத்தம் என்று நினைத்து ரசித்துக் கேட்டேன். சத்தியமங்கலம் தாண்டி, பண்ணாரி வருவதற்குள் எஞ்சின் பட்டென்று நின்றது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் எப்போதும் போல முக்கிச் சுற்றாமல் "விர்ர்ர்" என்று லேசாகச் சுற்றியது. அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்களுக்கு மறக்காது. கம்ப்ரஷனே இல்லை, அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தவே இல்லை என்று அர்த்தம். அதற்கு மேல் சாவியைத் தொடாதீர்கள்.

மேல் கவரைத் திறந்தால் பெல்ட் அறுபடாமல் அங்கேயே இருக்கிறது! கீழே கிராங்க் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பல்லெல்லாம் வழித்து எடுத்ததுபோல மொழுக்கென்று இருந்தது. டென்ஷனர் உருளை சுற்றவே இல்லை, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. எட்டு வால்வில் ஆறு வளைந்திருந்தது. வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டை இறக்கி, கோவையில் கொடுத்து, வால்வு மாற்றி, வால்வு உட்காரும் இடத்தைச் சீராக்கும் சீட் கட்டிங் போட்டு வாங்கினேன். கிட்டுக்கும் பெல்ட்டுக்குமான வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு அந்த பில்.

உருளையைக் கையில் சுற்றிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. கையில் பளு இல்லை, சூடு இல்லை, நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றும் இல்லை. சொல்லப்போனால் கிரீஸ் காய்ந்த பேரிங்தான் கையில் இன்னும் லேசாகச் சுற்றும். பெல்ட் ஓடிய அதே கிலோமீட்டரைத்தான் அந்த உருளையும் ஓடியிருக்கிறது. இந்த விஷயத்தில் நான் நடுநிலையே இல்லை: பெல்ட், டென்ஷனர், ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை) மூன்றும் சேர்ந்த கிட்தான். டஸ்டர் டீசல், போலோ டீசல் போல வாட்டர் பம்ப்பையும் இதே பெல்ட் சுற்றும் வண்டி என்றால் பம்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பம்ப் ஒழுகினால் அதே வேலையை அதே கூலிக்கு மறுபடி பார்க்க வேண்டும். மாருதி 800-ல் பம்ப்புக்கு வெளி பெல்ட்தான், அங்கே அந்தச் செலவு வேண்டாம். கேம் சீல், கிராங்க் சீலில் ஆயில் கசிகிறதா என்று மட்டும் திறந்த கையோடு பார்த்துவிடச் சொல்லுங்கள். ஆயில் பட்ட ரப்பர் சீக்கிரம் ஊறிப்போகும்.

கடையில் பெல்ட்டை ஆணியில் மடக்கி மாட்டியிருந்தால் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழைக் கயிறு. இழுத்தால் தாங்கும், மடித்தால் ஒடியும். ஒரு கடைக்காரர் என் கண் முன்னாலேயே புதுப் பெல்ட்டை நாலாக மடித்து கேரி பேக்கில் திணித்தார். காசை வைத்துவிட்டு பெல்ட்டையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

இறுக்கம் பார்க்கும் வழிகள்

இதுதான் ஆளாளுக்கு ஒன்று சொல்லும் இடம். உண்மையில் எது சிறந்தது என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, எஞ்சின் செய்தவன் முன்பே முடிவு செய்துவிட்டான். சண்டை வருவது ஒரு எஞ்சினின் முறையை இன்னொன்றில் போடும்போதுதான்.

முதலாவது விரல். பெல்ட்டின் நீளமான நேர்ப் பகுதியை, இரண்டு புல்லிக்கு நடுவில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்துப் பிடித்து முறுக்க வேண்டும். கால் சுற்று, அதாவது 90 டிகிரி திரும்பி, அதற்கு மேல் போகாமல் நிற்க வேண்டும். கோபியில் ஒரு பெரியவர் மாருதி 800-க்கு இதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். விரலை வைப்பதற்கு முன் அவர் செய்த வேலைதான் பாடம். வால்வு கவரைக் கழற்றி, வால்வு அட்ஜஸ்ட் ஸ்க்ரூ அத்தனையும் தளர்த்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். "ஸ்பிரிங் கேமை ஒரு பக்கமாத் தள்ளிட்டு நிக்கும் கண்ணு. அப்ப பெல்ட் ஒரு பக்கம் டைட்டு, ஒரு பக்கம் லூசு. நீ எதைப் பாத்து இறுக்குவே?" பிறகு டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி, அதன் ஸ்பிரிங்கே பெல்ட்டைத் தள்ளும்படி விட்டு, கிராங்க்கை ஓடும் திசையில் இரண்டு சுற்று சுற்றி, அப்புறம்தான் போல்ட்டை முடுக்கினார். கடைசியாக ஒரு தடவை விரலால் முறுக்கிப் பார்த்தார். அவர் விரல் இறுக்கத்தை வைக்கவில்லை. ஸ்பிரிங் வைத்ததைச் சோதித்தது, அவ்வளவுதான். நம் ஆட்கள் பலர் ஸ்பிரிங்கை விட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் டென்ஷனரை நெம்பிப் பிடித்துக்கொண்டு விரலை மட்டும் வைக்கிறார்கள். போல்ட் முடுக்குபவர் கை பலத்தைப் பொறுத்து ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு இறுக்கம் வந்துவிடுகிறது.

இரண்டாவது முள். டஸ்டர் டீசல், போலோ டீசல் வகையறாவில் டென்ஷனருக்குள்ளேயே ஸ்பிரிங் இருக்கும். வெளியே ஒரு சின்ன முள், அதற்கு எதிரே ஒரு வெட்டு. ஆலன் கீ போட்டு அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பி, முள் வெட்டுக்கு நேரே வந்ததும் நட்டை டார்க் ரெஞ்சால் (சொன்ன அளவுக்கு மட்டும் முடுக்க உதவும் ஸ்பானர்) முடுக்க வேண்டும். கிராங்க்கை இரண்டு சுற்று சுற்றிவிட்டு முள்ளை மறுபடி பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் முதலிலிருந்து. எதிர்ப்பக்கம் திருப்பினாலும் சில டென்ஷனரில் முள் சரியான இடத்தில் நிற்பதுபோலத் தெரியும், ஆனால் உள்ளே ஸ்பிரிங் வேலை செய்யாது. பின்பக்கத்துக் கொக்கி அதன் பள்ளத்தில் உட்காரவில்லை என்றாலும் இதே கதை. என் வண்டியில் நடந்தது வேறு கூத்து: முள் வெட்டைத் தாண்டிப் போயிருந்தது. "டைட்டாவே" என்று நான் சொன்னேன் இல்லையா, பையன் மரியாதையாகச் செய்துவிட்டான். இந்த வகையில் விரல் முறுக்குக்கு வேலையே இல்லை. முள் என்ன சொல்கிறதோ அதுதான்.

மூன்றாவது ஆயில். பழைய இன்னோவாவில் உள்ளே ஆயில் அடைத்த ஹைட்ராலிக் டென்ஷனர். அதன் தண்டை வைஸில் வைத்து மெதுவாக, நிஜமாகவே மெதுவாக, உள்ளே அழுத்தி, துளைகள் நேராக வந்ததும் சின்ன ஆலன் கீயைச் செருகிப் பூட்ட வேண்டும். மாட்டி முடித்ததும் கீயை உருவினால் தண்டு தானாக வெளியே வந்து பெல்ட்டைத் தள்ளும். மனிதக் கைக்கு இங்கே தவறு செய்ய இடம் குறைவு, அதுதான் இதன் அழகு. அவசரப்பட்டு அழுத்தினால் உள்ளே சீல் போகும். கைவிரலால் அழுத்தினாலே தண்டு உள்ளே போனால், அல்லது தண்டைச் சுற்றி ஆயில் ஈரம் இருந்தால், அந்த டென்ஷனர் முடிந்தது.

நான்காவதாக இப்போது செல்போன் ஆப். பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி சுண்டி, அதிர்வெண் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பார்ப்பது. இயற்பியல் சரிதான். ஆனால் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தில் ஏறும்: ஆப் காட்டுவது 10 சதவீதம் கூடினால் இழுவிசை 21 சதவீதம் கூடிவிடும். பக்கத்தில் கம்ப்ரஸர் ஓடும் பட்டறையில் மைக் எதைக் கேட்கிறது என்று யாருக்குத் தெரியும்? உங்கள் எஞ்சினுக்கு இத்தனை ஹெர்ட்ஸ் என்று கம்பெனி எண் கொடுத்திருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் விளையாட்டுதான்.

எந்த முறையானாலும் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட் சூட்டில் விரியும், கிராங்க்குக்கும் கேமுக்கும் இடையே தூரம் கூடும், பெல்ட் தானாக இறுகும். சூட்டில் சரியாக வைத்த பெல்ட் காலையில் லூசு. காலையில் வண்டியை விட்டுவிட்டு மதியம் வாங்குவதை விட, முந்தின ராத்திரியே விடுவது நல்லது.

ஒயிட்னரா, லாக்கிங் பின்னா

நம் ஊர் ஒயிட்னர் மார்க் ஒரு தனிக் கலை. பழைய பெல்ட்டிலும் புல்லிகளிலும் வெள்ளைக் கோடு போட்டு, பல் எண்ணி, புதுப் பெல்ட்டுக்கு அதையே மாற்றுவார்கள். மாருதி 800-க்கும் சான்ட்ரோவுக்கும் புல்லியிலேயே குறி இருக்கிறது, அதோடு சேர்த்துச் செய்தால் குறையில்லை. டீசலில் எனக்கு நம்பிக்கை இல்லை. முன்னால் மாற்றியவர் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் ஒயிட்னர் அந்தத் தப்பையும் நகல் எடுத்துவிடும். கேமையும் கிராங்க்கையும் பூட்டும் பின் செட் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். வைத்திருப்பவர் போல்ட் கழற்றும்போது அந்தப் பின் மேலேயே பளு கொடுக்கிறாரா என்றும் பாருங்கள். பின் இடம் காட்டுவதற்கு, புல்லியைப் பிடிக்கத் தனி ஹோல்டர் உண்டு.

கம்பெனி சர்வீஸா, நம்ம பட்டறையா

வாரண்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ், பேச்சே இல்லை. அதன் பிறகு, பின் செட்டும் டார்க் ரெஞ்சும் வைத்திருக்கும் பட்டறையை நான் தேர்ந்தெடுப்பேன். காரணம் காசு இல்லை. பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முள்ளை என் கண்ணால் பார்க்கலாம், கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதைப் பார்க்கலாம், கழற்றிய உருளையைக் கையோடு வாங்கி வரலாம். கம்பெனியில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காபிதான். டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறை என்றால் கம்பெனியே மேல்.

எப்போது மாற்றுவது என்பதற்கு வண்டிப் புத்தகத்தில் கிலோமீட்டரும் வருஷமும் இரண்டும் இருக்கும், எது முன்னால் வருகிறதோ அது. கொடுமுடி கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கும் சான்ட்ரோ பத்து வருஷத்தில் 40,000 தாண்டியிருக்காது, ரப்பருக்கு அந்தக் கணக்கு தெரியாது. திருப்பூரில் பஞ்சு பறக்கும் தெருவில் நிற்கும் வண்டி என்றால் பெல்ட் கவர் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாமாவின் இன்னோவாவை வைத்து ஒன்று. அந்த வண்டி மீட்டரில் டைமிங் பெல்ட்டுக்கென்றே ஒரு லைட் எரியும். எரிந்தால் மாற்ற வேண்டும். அந்த பெல்ட் கேமை மட்டும் சுற்றுகிறது, டீசல் பம்ப் கியரில் ஓடுகிறது. அதனால் பழக்கப்பட்ட கைக்கு வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பெல்ட்டைத் தொடாமலே லைட்டை மட்டும் அணைக்கவும் முடியும். மாமா செகண்டில் வாங்கியபோது லைட் எரியவில்லை, "பெல்ட் மாத்தியாச்சுங்க" என்றார் விற்றவர். கவரைத் திறந்து பார்த்தோம். பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட எழுத்து ஒன்றுகூட மிச்சமில்லை, விரல் வைத்து வளைத்தால் பல்லடியில் கீறல். மறுநாளே கிட் வாங்கினோம்.