கல்லைப் படம் எடுக்க லைட் வாங்குறீங்களா? பெட்டி மேல் ஒட்டியதை நம்பாதீங்க

காங்கேயத்தில் பட்டை போட்ட கற்களை வாங்கி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். மூன்ஸ்டோன், அக்வாமெரின், கொஞ்சம் கார்னெட். எல்லாம் துவரம்பருப்பு, கொண்டைக்கடலை அளவுதான்.

போன மாசம் கோயமுத்தூரில் ஒரு கடையில், லென்ஸில் மாட்டுகிற எல்இடி ரிங் லைட்டை 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் சிஆர்ஐ 95 என்று பளபளவென்று ஸ்டிக்கர். சிஆர்ஐ என்றால், விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்குப் போடுகிற மார்க். "கண்ணுல பாக்கற நிறம் அப்படியே வருமுங்ணா, நகைக்கடைக்காரங்க எல்லாம் இதைத்தான் வாங்கறாங்க" என்றார் கடைப் பையன். கையோடு கல் இருந்தும் ஒரு படம் எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன்.

வீட்டில் எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புக் கோடுகள். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மட்டமான அடாப்டர் என்றால் எல்இடி நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரிந்துவிடும். ஷட்டரை 1/50 நொடிக்கு இறக்கியதும் கோடு போனது. சரி, கை ஆடாமல் பிடிக்க ஸ்டாண்ட் இருக்கிறதே என்று விட்டேன்.

நிறத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. லேசாகப் பச்சை ஓடுகிற அக்வாமெரின், படத்தில் சுத்த நீலமாக வந்திருக்கிறது, நானும் கவனிக்காமல் அனுப்ப, வாங்கியவர் "படத்துல ஒண்ணு, கையில ஒண்ணா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் கணக்கில் ஏமாற்றுக்காரன் நான். அப்புறம்தான் சந்தேகம் வந்து ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன், அடியில் அச்சில் 80 என்று இருந்தது. (நிஜமாகவே 95 என்றாலும் கார்னெட் மாதிரி சிவப்புக் கல் வைத்திருப்பவர்கள் ஆர்9, அதாவது அடர் சிவப்புக்கான மார்க், எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். சிஆர்ஐ எட்டு வெளிறிய நிறங்களை வைத்துப் போடுகிற சராசரி, அடர் சிவப்பு அதில் சேராது.)

மூன்ஸ்டோனுக்கு ரிங் லைட்டே ஆகாது என்பதும் வாங்கிய பிறகுதான் புரிந்தது. குமிழ் மாதிரி வழவழப்பான கல், வட்டமாக விளக்கு அப்படியே அதன் மேல் விழுகிறது, உள்ளே ஓடுகிற நீல ஒளியைக் காணோம். ஒரே பக்கமிருந்து சாய்வாக வெளிச்சம் விட்டு, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால்தான் அது எழுந்து வரும். இப்போது காலையில் வடக்கு ஜன்னலில் பட்டர் பேப்பர் ஒட்டி, எதிரே தெர்மாகோல் துண்டு வைத்து எடுக்கிறேன்.

லைட்டைத் திருப்பக் கொண்டுபோனால் முதலாளி, "பெட்டியை உரிச்சுட்டீங்களே, எப்படிங்க எடுத்துக்கறது?" என்றார். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, டீ கூட வாங்கிக் கொடுத்தார். பணம்தான் வரவில்லை. வாங்கப் போகிறவர்கள் உங்கள் கல்லையே கொண்டுபோய், வெயிலில் ஒரு படமும் அந்த லைட்டில் ஒரு படமும் எடுத்துப் பாருங்கள், போனில் ஸ்லோ மோஷன் போட்டால் மினுக்குவதும் தெரிந்துவிடும்.

1915க்கு, அதுதான் நுகர்வோர் உதவி எண், கூப்பிட்டேன். பில் இருக்கிறதா என்றார்கள். எடுத்துப் பார்த்தால் கடைப் பெயர், ஜிஎஸ்டி எண் எதுவும் இல்லாத துண்டுச்சீட்டு, மேலே 'எஸ்டிமேட்' என்று பேனாவில் எழுதியிருக்கிறது.