வாடகை வீட்டுக்கு ‘ஆள்’ பிடித்து 980 வெள்ளி விட்ட கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் ஓரறை, ஈரறை வாடகை வீடுகளுக்கு ஏஜென்ட் என்று யாரும் கிடையாது. “உள்ளே நமக்கு ஆள் இருக்கு” என்று எவராவது ஆரம்பித்தால், கையில் இருக்கும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நான் எழுந்து வரவில்லை. ரெண்டாவது கிளாஸும் அவனுக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

நானும் அம்மாவும் பதினொரு வயதுப் பையனுமாக ஈசூனில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருக்கிறோம். வாடகை 800 வெள்ளி. பள்ளி கேன்டீன் கடை ஒன்றில் எனக்கு வேலை, சம்பளம் 1,280. சிபிஎஃப் என்கிற சேமநிதிப் பிடித்தம் போக ஆயிரத்துச் சொச்சம்தான் கைக்கு வரும். மீதியில் எப்படி ஓட்டுகிறாய் என்று கேட்காதீர்கள், அம்மாவின் வளையல்களைக் கேளுங்கள். தைப்பூசம் முடிந்த கையோடு வீட்டுக்கார அக்கா வந்து, மகனுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது, ஆறு மாதத்தில் அறை வேண்டும் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று ராத்திரி அம்மா தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை.

வேலையிடத்தில் ஒரு பெண் ஒரு நம்பர் கொடுத்தார். “வாடகை வீடு வாங்கித் தருவார், நம்ம ஆளுதான்.” அந்த ‘நம்ம ஆளு’தான் என்னைக் கவிழ்த்த சொல். தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு காப்பிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை சந்தித்தோம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கழுத்தில் நாடா. நாடாவில் தொங்கிய அட்டை கடைசிவரை பின்பக்கம் திரும்பியே இருந்தது. இன்றைக்கு யோசித்தால் அதுதான் முதலில் கண்ணுக்குத் தெரிகிறது. அன்றைக்குத் திருநீறு மட்டும் தெரிந்தது.

அவனை நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. அவன் சொன்னதில் பாதி உண்மை. மாத வருமானம் 800 வெள்ளிக்குள் இருந்து, இதற்கு முன் வீட்டு மானியம் எதுவும் வாங்காத குடும்பமாக இருந்தால் ஓரறை வீட்டு வாடகை 26 முதல் 33 வெள்ளி, ஈரறைக்கு 44 முதல் 75. வருமானம் 801-லிருந்து 1,500 வரை என்றால் ஓரறைக்கு 90 முதல் 123, ஈரறைக்கு 123 முதல் 165. இதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் கடகடவென்று எழுதிக் காட்டினான். பின்னால் சரிபார்த்தேன், எண்கள் சரிதான். 800 வெள்ளி அறை வாடகை கொடுக்கிறவளிடம் 75 வெள்ளி என்று எழுதிக் காட்டினால் அவள் மூளை என்ன ஆகும்?

அப்புறம் ரெண்டு ‘யோசனை’ சொன்னான். ஒன்று, “சம்பளத்தை 780-ன்னு போடுங்க தங்கச்சி, வாடகை கீழே வந்துடும்.” இரண்டு, “உங்க அண்ணன் இருக்கிறதை எழுதவே எழுதாதீங்க. பையன் இருக்கான்னு தெரிஞ்சா அம்மாவை அங்கே அனுப்பச் சொல்வாங்க.” அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “பெத்த பிள்ளையை இல்லைன்னு எழுதச் சொல்றியே தம்பி” என்றார். “பேப்பர்லதானே ஆத்தா” என்று சிரித்தான். நான் கையெழுத்துப் போட்டேன். பாதி இடம் காலியாக இருந்த தாளில், அதுவும் பென்சிலில் குறி வைத்த இடத்தில்.

பதிவுக் கட்டணம் என்று 380 வெள்ளி ரொக்கம். மூன்று வாரம் கழித்து, வீடு ஒதுக்கியாச்சு, சாவிக்கு முன்பணம் என்று 600, கைப்பேசியில் வங்கிப் பணம் அனுப்பும் பேநவ்வில். திரையில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டதற்கு, “என் அக்கா, ஆபீஸ் கணக்கு அவங்க பேர்ல” என்றான். ஆபீஸ் கணக்கு ஏன் அக்கா பேரில் இருக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்கத் தோன்றியது, கேட்க வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. எங்கே கோபித்துக்கொண்டு விட்டுவிடுவானோ என்ற பயம்.

அரசாங்கச் சேவைகளுக்குள் நுழையும் சிங்பாஸ் கணக்கின் கடவுச்சொல்லையும் கேட்டான். நான் கொடுக்கவில்லை. விவரமானவள் என்று நினைத்துவிடாதீர்கள். மறந்துபோய் ரொம்ப நாளாக முகத்தைக் காட்டியே திறந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். அந்த ஞாபகமறதிக்குத் தேங்காய் உடைக்க வேண்டும். என் பெயரில் வேறு என்னென்ன கணக்குத் திறந்திருப்பானோ.

அப்புறம் கடிதம் வந்தது, வாட்ஸ்அப்பில் படமாக. மேலே முத்திரை, நடுவில் என் பெயர், கீழே கையெழுத்து. அங் மோ கியோவில் ஈரறை வீடு, மே மாதம் சாவி. கூடவே ஒரு எஸ்எம்எஸ், எட்டில் தொடங்கும் சாதாரணக் கைப்பேசி எண்ணிலிருந்து. 2024 ஜூலை 1 முதல் அரசாங்க அமைப்புகளின் எஸ்எம்எஸ் பெரும்பாலும் ‘கவ்.எஸ்ஜி’ என்ற ஒரே பெயரில்தான் வருகிறது என்பது எனக்குத் தெரியும். பள்ளியில் பெற்றோருக்கு நடந்த கூட்டத்தில் சொன்னார்கள், தலையாட்டினேன். கடிதத்தைப் பார்த்த சந்தோஷத்தில் தலை வேலை செய்யவில்லை. அம்மா பால் காய்ச்சுவதற்குத் தேக்காவில் ஒரு குட்டிச் சொம்பு வாங்கி வந்துவிட்டார்.

கண்டுபிடித்தது என் பையன். புது வீட்டிலிருந்து பள்ளிக்கு எந்த பஸ் என்று பார்ப்பதற்காகக் கடிதத்திலிருந்த அஞ்சல் குறியீட்டைத் தட்டினான். “அம்மா, இது ஈசூன் நம்பர்.” ஆமாம், 76-இல் தொடங்கியது. அங் மோ கியோ என்றால் 56. அதோடு விடவில்லை அவன். நம் வீவக புளோக்குகளில் குறியீட்டின் கடைசி மூன்று இலக்கம் பெரும்பாலும் புளோக் எண்ணாகவே இருக்கும் அல்லவா, அதுவும் பொருந்தவில்லை. எந்த ஊர்க் கடிதத்தையோ எடுத்து, புளோக்கையும் ஊரையும் மாற்றியவன் குறியீட்டை மாற்ற மறந்திருக்கிறான். என் கண்ணுக்கு அது ஆறு எண்கள். பையனுக்கு அது முகவரி.

உடனே போன் போட்டேன். “சிஸ்டம் மாறுது தங்கச்சி, திருத்தி அனுப்புறேன்.” மறுநாளிலிருந்து என் செய்திகளுக்கு ஒற்றை டிக் மட்டும்தான்.

லீவு போட்டு வீவக கிளைக்குப் போனேன். அதிகாரி அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, உங்கள் பெயரில் விண்ணப்பமே இல்லையே என்றார். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். 980 வெள்ளிகூடப் பிறகுதான் ஞாபகம் வந்தது. நான்கு மாதம் வரிசையில் நிற்கிறோம் என்று நினைத்து வரிசைக்கே வராமல் இருந்திருக்கிறோம். ஆறு மாதக் கெடுவில் நான்கு போயே போச்சு.

அந்த அதிகாரி தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசிய கால் மணி நேரத்தில்தான் முழு ஏமாற்றும் புரிந்தது. சம்பளத்தை 780 என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். உங்கள் முதலாளி மாதாமாதம் சிபிஎஃப் கட்டுகிறார், அந்தப் பதிவே உண்மையைச் சொல்லிவிடும் என்றார். பொய்த் தகவல் கொடுப்பது குற்றம், விண்ணப்பத்தின் அடியிலேயே அச்சடித்திருக்கிறது. அண்ணனைப் பற்றிக் கேட்டேன். “அவர் வீட்டில் எத்தனை அறை, எத்தனை பேர்?” மூவறை வீடு, அண்ணன், அண்ணி, மூன்று பிள்ளைகள், அண்ணியின் அம்மா. “அதை அப்படியே எழுதுங்கள். ஏன் அங்கே இருக்க முடியாது என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும்.” எதை மறைக்கச் சொன்னானோ அதுதான் எங்கள் விண்ணப்பத்தின் பலமே. கையெழுத்துப் போட்ட தாளை அவன் எங்கேயும் கொடுக்காமல் குப்பையில் போட்டானே, அதுதான் அவன் எனக்குச் செய்த ஒரே உபகாரம்.

உண்மையான விண்ணப்பத்துக்கு என்ன செலவானது தெரியுமா? பஸ் காசு, நகல் எடுத்த காசு. குடும்ப சேவை நிலையத்தில் தமிழ் பேசும் சமூக சேவையாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பையனின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, நானே சிங்பாஸில் நுழைந்து அனுப்பும்வரை கூட இருந்தார். எந்த நிலையத்துக்குப் போவது என்று தெரியாதவர்கள் காம்கேர் என்ற அரசாங்க உதவித் திட்டத்தின் எண் 1800-222-0000-ஐ அழைத்துக் கேட்கலாம். எம்.பி.யின் மக்கள் சந்திப்புக்கும் போனோம். ராத்திரி ஒன்பதரைக்கு எங்கள் முறை வந்தது, தொண்டூழியர் ஒருவர் கடிதம் எழுதிக் கொடுத்தார். காசு என்ற பேச்சே இல்லை. இப்படி இலவசமாகக் கிடைப்பதைத்தான் 380 வெள்ளிக்கு விற்றிருக்கிறான் அந்த ஆள்.

“நான் பதிவு பெற்ற ப்ராப்பர்ட்டி ஏஜென்ட்” என்றும் சொல்லியிருந்தான். பதிவு பெற்றவர் ஒவ்வொருவருக்கும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் எண் உண்டு, சொத்து முகவர்களுக்கான மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் யாரும் தேடிப் பார்க்கலாம். இன்னொன்று, வெளிச் சந்தையில் வீவக வீட்டையோ அறையையோ வாடகைக்கு எடுக்கும்போதுகூட அந்த வாடகைப் பணத்தையும் முன்பணத்தையும் ஏஜென்ட் கையில் வாங்கக் கூடாது. நேரே வீட்டுக்காரருக்குத்தான் போக வேண்டும். அறை தேடுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

1799-க்கு அழைத்தேன், மோசடி உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள். வங்கிக்கும் சொன்னேன், போலீஸ் புகாரும் கொடுத்தாயிற்று. 600 வெள்ளி போன கணக்கையாவது தேடலாம் என்றார்கள். ரொக்கமாகக் கொடுத்த 380-க்கு ரசீதும் இல்லை, சாட்சியும் இல்லை. எனக்கு நம்பர் கொடுத்த பெண்ணும் 380 கட்டியவர்தானாம். அவருக்கும் வீடு வரவில்லை. சொல்ல வெட்கப்பட்டு, வந்துவிடும் வந்துவிடும் என்றே காத்திருந்திருக்கிறார்.

அவன் பெயரையும் எண்ணையும் இங்கே போடவில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது, அந்தப் பெயரும் நிஜமா என்று தெரியாது. உங்களுக்கும் இப்படி ஒருவன் வாய்த்திருந்தால் கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். “780-ன்னு போடுங்க தங்கச்சி” என்று அவன் சொன்ன குரல் பதிவு ஒன்று என்னிடம் இருந்தது. அந்தக் குரலைக் கேட்கவே பிடிக்காமல் ஒரு ராத்திரி அழித்துவிட்டேன். புகார் எழுதிய அதிகாரி முதலில் கேட்டது அதைத்தான்.