திருநெல்வேலி மிருக வைத்திய கிளினிக்: நாயோடு வந்த ஆளையும் கவனிக்கிறார்கள்

யாழ்ப்பாணத்தில் நாய்க்கு நல்ல வைத்தியர் எங்கே என்று கேட்டால் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட இருக்கிற இந்தச் சின்ன கிளினிக்கைத்தான் சொல்வேன். எங்கள் ரைகருக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து, சோறு தண்ணி இல்லாமல், முரசு வெளுத்துப்போய்க் கிடந்தான், அப்பா அவனை மடியில் வைத்தபடி ஓட்டோவில் கொண்டுபோனார். இரத்தம் எடுத்து அங்கேயே நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு, மருந்தை இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும் என்று பொறுமையாக விளக்கினார்கள்.

எனக்குப் பிடித்தது வேறு. சேலைன் ஏற்றும்போது அப்பாவை வெளியே அனுப்பவில்லை. "ஐயா, நீங்கள் தலைமாட்டில இருங்கோ, உங்கட குரல் கேட்டால் அவர் ஆடமாட்டார்" என்றார் டொக்டர். உண்மையிலேயே ஆடவில்லை, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான் (எங்களிடம் ஒருநாளும் அப்படிக் கொஞ்சாத மனுசன், அன்று அவனோடு ஏதேதோ கதைத்துக்கொண்டிருந்தார்). நாயும் வளர்ப்பவரும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒக்சிரோசின் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியிருந்தார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் சுரக்கிற அதே ஹோர்மோன்தான்.

குறை என்றால், பின்னேரம் சரியான சனம். இருக்க வாங்கு போதாது, போன் எடுத்தாலும் பதில் இல்லை. பூனையும் நாயும் ஒரே விறாந்தையில் காத்திருப்பதால் ஒரே கூச்சல். காலையிலேயே போங்கள், சங்கிலியும் தடுப்பூசிக் கொப்பியும் கட்டாயம் கொண்டுபோங்கள்.