வெக்கையிலும் மழையிலும் நீள ஓட்டம்: நெடுஞ்சாலையா, தெருச்சுற்றா?

சென்னை மராத்தான் ஜனவரியில். அதற்குத் தயாராகிறவர் ஜூன் வெக்கையிலும் ஓட வேண்டும், நவம்பர் மழையிலும் ஓட வேண்டும். வேலூரில் இரண்டுக்கும் நடுவே நல்ல காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஞாயிறுதோறும் 25, 27 கிலோமீட்டரை எங்கே ஓடுவது என்று நாலு வழியையும் பார்த்துவிட்டு, கடைசியில் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களிலேயே ஓட ஆரம்பித்தேன். ஒரு சுற்று 2.7 கிலோமீட்டர். அப்படிப் பத்துச் சுற்று. கேட்கவே அலுப்பாக இருக்கிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

முதலில் ஓடியது பெங்களூர் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில், ரத்தினகிரிப் பக்கமாகப் போய்த் திரும்புவது. நேரான ரோடு, வேகம் சீராக வரும், பேச்சுத்துணைக்கு ஆளும் கிடைக்கும். லாரி, எதிர்த்திசையில் வரும் பைக் இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜிம்மில் டிரெட்மில்லில் ஒரே ஒரு முறை 18 கிலோமீட்டர் ஓடினேன். எதிர்க்காற்று இல்லாததை ஈடுகட்ட ஒரு சதவீதம் ஏற்றம் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், வைத்தேன். மணி ஒன்று ஆனதும் மெஷின் தானாக நின்றது, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். ஏசியில் ஓடுவது சுகம்தான். ஆனால் உடம்பு வெக்கைக்குப் பழக, தினமும் வெக்கையில் ஓடினாலும் பத்துப் பதினாலு நாள் ஆகும். அந்தப் பழக்கத்தை ஏசி தராது. இடி மின்னல் நாளுக்கு மட்டும் இதுதான் சரி.

ஏலகிரிக்கு இரண்டு தடவை போனேன். 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டமானதோடு ஏலகிரியும் அந்தப் பக்கம் போய்விட்டது, ஆனாலும் மனசுக்கு இன்னும் நம்ம மலைதான். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், நல்ல குளிர்ச்சி. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஓடி ஏறியதில் மூன்று நாள் தொடை பிடித்துக்கொண்டது. அங்கேயே தங்கி ஓடுகிறவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். போக வர வண்டிப் பயணத்தையும் சேர்த்தால் என் ஞாயிறே தீர்ந்துவிடுகிறது.

தெருச்சுற்றின் பக்கம் என்னைத் தள்ளியது தண்ணீர்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: சாமியில்லாத கோயில், தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை. ஜலகண்டேசுவரர் 1981இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாறு 2021 நவம்பரில் கரைபுரண்டு காட்டியது. மலை மட்டும் இன்னும் மொட்டைதான். பகலெல்லாம் வாங்கிய வெயிலைப் பாறை ராத்திரியெல்லாம் திருப்பிக் கொடுக்கிறது. கத்திரி முடிந்த பிறகும் விடிகாலை நாலு மணிக்குச் சுவர் சுடுகிறது. சீக்கிரம் கிளம்பினால் வெயில் தப்பும், வெக்கை தப்பாது.

ஜூனில் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு எடை பார்த்தேன். நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தும் இரண்டு கிலோ குறைந்திருந்தது. ஆக, வியர்வை மட்டும் இரண்டரை லிட்டர், மணிக்கு ஒன்றேகால். மூன்று மணி நேர ஓட்டத்தில் எல்லாவற்றையும் ஈடுகட்ட வேண்டியதில்லை, பாதியாவது உள்ளே போனால் போதும். அந்தப் பாதியே இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட என்னால் ஆகவில்லை, அந்த நேரத்தில் வழியில் கடையும் திறந்திருக்காது. வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்துத் தீர்ப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும்.

இப்போது கேட் திண்ணையில் ஒரு தூக்குவாளி நீர்மோர், உப்புத் தூக்கலாக. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், தலையில் ஊற்ற. சுற்றுக்கு ஒரு டம்ளர். இதே கணக்கில் செப்டம்பரில் 27 கிலோமீட்டர் ஓடிவிட்டுப் பார்த்தால் எடை ஒரு கிலோ சொச்சம்தான் குறைந்திருந்தது. அன்று சாயங்காலம் தலைவலியும் இல்லை. நெடுஞ்சாலை ஓடிய ஞாயிறுகளில் மத்தியானத்துக்கு மேல் நான் வீட்டுக்கு உதவாத ஆள்.

மழைக்கும் இந்தக் கேட்தான் கை கொடுத்தது. ஆகஸ்ட், செப்டம்பரில் இடிமழை பெரும்பாலும் சாயங்காலமும் ராத்திரியும்தான், விடிகாலை தப்பித்துவிடலாம். ஐப்பசி அடைமழைக்கு அந்த ஒழுங்கு கிடையாது. அக்டோபரில் ஒரு நாள் சர்வீஸ் ரோட்டில் வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி மாட்டினேன். ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது, வீடு வருவதற்குள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். சுற்றில் ஓடினால் நனைந்த காலுறையை ஐந்தாவது சுற்றில் மாற்றிவிடலாம், பாதத்தில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம். இடி கேட்டால் உள்ளே போய்விடலாம், கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி பொறுத்து மறுபடி வரலாம். நனைந்த ஷூவில் செய்தித்தாளைத் திணித்துவைத்தாலும் காய இரண்டு நாள் ஆகிறது, ஆகவே இரண்டாவது ஜோடி மட்டும் எந்த வழியிலும் தப்பாத செலவு.

குறை இல்லாமல் இல்லை. ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி இடது முழங்கால் முனகியது, இப்போது பாதிச் சுற்றுகளை எதிர்த்திசையில் ஓடுகிறேன். நாய்கள் மூன்று வாரம் துரத்தின, அப்புறம் அவற்றுக்கே அலுத்துவிட்டது. ஆறாவது சுற்றில் கேட்டைப் பார்க்கும்போது இன்றைக்கு இது போதுமே என்று தோன்றும். இரண்டு முறை நிஜமாகவே உள்ளே போய்விட்டேன்.

32 கிலோமீட்டரை இதில் இன்னும் ஓடிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு சுற்று வரும். டிசம்பர் இரண்டாவது ஞாயிறுக்கு வைத்திருக்கிறேன், மோருக்குப் பெரிய தூக்குவாளி வேண்டும்.