லென்ஸ் பெயரைச் சொன்னார்கள், விழித்திரையைப் பார்க்கவில்லை: அம்மாவின் வலது கண்ணில் நடந்தது

கண்புரை ஆபரேஷன் முடிந்து மாதங்கள் ஆகியும் பார்வை தெளியவில்லை, "லேசர் போட்டால் சரியாகிவிடும்" என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். இந்த நிலையில் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், அந்தத் தேதிக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். உள்ளே வைத்தது தூரம், கிட்டம் இரண்டுக்கும் குவியும் மல்டிஃபோக்கல் லென்ஸ் என்றால் கட்டாயம் படியுங்கள். என் அம்மா அந்த லேசர் அறை வாசல் வரை போய்த் திரும்பியவர்.

அம்மாவுக்கு 67 வயது. நாற்பது வருடமாகத் தையல்தான் தொழில். சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை, இரண்டு கண்ணிலும் மைனஸ் மூன்றரை. தூரத்துக்குக் கண்ணாடி போடுவார். ஊசியில் நூல் கோக்கும்போது அதைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். துணியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் இழை இழையாகத் தெரியும். அந்த ஒரு சாண் தூரத்துப் பார்வைதான் அவர் கைத்தொழிலின் முதலீடு.

இரண்டு வருடமாகக் கருநீல நூலையும் கறுப்பு நூலையும் மாற்றி மாற்றி எடுக்க ஆரம்பித்தார். புரை மஞ்சளித்து முற்றும்போது நீல நிறம்தான் முதலில் அடிபடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் சொன்னார். "வலது கண்ணால மட்டும் பார்த்தா அளவு டேப்போட ஓரம் நெளியுதுடா. நேரா அடிச்ச தையலும் கோணலாத் தெரியுது." முதல் நாளே பரிசோதனை அறையில் அம்மா தன் வாயாலேயே சொன்ன வார்த்தைகள் இவை. அங்கிருந்த பெண் கணினியிலிருந்து தலையைத் திருப்பாமல், "புரை எடுத்தா எல்லாம் சரியாயிடும்மா" என்றார்.

புரை பார்வையை மங்கவைக்கும், கூசவைக்கும், நிறத்தை மாற்றும், சில சமயம் ஒன்றை இரண்டாகக்கூடக் காட்டும். நேர்க்கோட்டை நெளியவைக்காது. கோடு நெளிகிறது என்று ஒருவர் சொன்னால் முதலில் விழித்திரையைத்தான் பார்க்க வேண்டும், குறிப்பாக அதன் நடுப்பகுதியான மாக்குலாவை. இது அன்று எனக்குத் தெரிந்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலையில்லை. எனக்குத் தெரியாதது பரவாயில்லை, அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு எங்களை ஒரு தனி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் டாக்டர் இல்லை, கவுன்சிலர். மேசையில் கண்ணாடி அட்டைக்கு அடியில் மூன்று படங்கள்: சாதாரணம், பிரீமியம், அதற்கும் மேலே ஒன்று. "இதை வெச்சா ஆயுசுக்கும் கண்ணாடியே வேண்டாம்" என்று மூன்றாவது படத்தில் விரலை வைத்தார். இரண்டு கண்ணுக்கும் சேர்த்துச் சொன்னால் கட்டணம் குறையும், இன்றைக்கே முன்பணம் கட்டினால் அடுத்த வாரமே தேதி என்றார். அம்மா என்ன வேலை செய்கிறார், எவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்க்கிறார் என்று ஒரு கேள்விகூட இல்லை. அம்மாவுக்கு நல்லது வாங்கித் தருகிறோம் என்ற நிறைவில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தைப் பணம் கட்டிய பிறகுதான் விட்டார்கள். விழித்திரையை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே லென்ஸ் முடிவாகியிருந்தது.

அந்தப் படங்களுக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் வகைகள் உண்மையில் என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். மோனோஃபோக்கல் லென்ஸுக்கு ஒரே குவியம். தூரத்துக்கு வைத்தால் படிக்கக் கண்ணாடி வேண்டும், கிட்டத்துக்கு வைத்தால் தூரத்துக்குக் கண்ணாடி வேண்டும். உள்ளே வரும் வெளிச்சத்தையெல்லாம் அந்த ஒரு குவியத்துக்கே தருவதால் பிம்பம் அழுத்தமாக விழும். அம்மாவுக்கு வைத்த மல்டிஃபோக்கல் லென்ஸின் முகத்தில் மிக நுண்ணிய வளையங்கள் இருக்கும். அவை வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடுகின்றன, அதில் கொஞ்சம் எந்தப் பக்கமும் சேராமல் வீணாகும். அதனால்தான் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது. சாம்பல் நிறத்தின் மேல் சாம்பல் நிறத்தைப் பிரித்தறிவதும் சிரமமாகிறது. இ.டி.ஓ.எஃப். (குவியத்தின் ஆழத்தை நீட்டும் லென்ஸ்) என்பது இரண்டுக்கும் நடுவே. தூரமும் கணினித் தூரமும் ஓரளவு நன்றாக இருக்கும், பொடி எழுத்துக்குப் பெரும்பாலும் கண்ணாடி தேவைப்படும். டோரிக் என்பது கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளையாததால் வரும் சிலிண்டர் பவரைச் சரிசெய்வது. அதைச் சரியான கோணத்தில் வைக்க வேண்டும். ஒரு டிகிரி விலகினால் ஏறத்தாழ 3.3 சதவீதத் திருத்தம் போய்விடும், 30 டிகிரி விலகினால் வைத்தும் பயனில்லை. படுத்தால் கண் லேசாகச் சுழலும் என்பதால், கையால் குறி வைப்பவர்கள் நோயாளியை உட்காரவைத்துத்தான் வைப்பார்கள்.

மல்டிஃபோக்கல் மோசமான லென்ஸ் என்று நான் சொல்லவே இல்லை. விழித்திரையும் கருவிழியும் ஆரோக்கியமாக இருந்து, இரவு வளையங்களைப் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருப்பவர்களுக்கு அது நன்றாகவே உதவுகிறது. மாக்குலாவில் கோளாறு, முற்றிய கிளாகோமா (கண் அழுத்த நோய்), கடுமையான கண் வறட்சி, ஒழுங்கற்ற கருவிழி இருப்பவர்களுக்கு அது ஏற்றதல்ல. ஏற்கெனவே மங்கலாக வாங்கும் விழித்திரைக்கு, பங்கு போட்டுக் குறைத்த வெளிச்சத்தைக் கொடுத்தால் அது என்ன செய்யும்?

வலது கண்ணின் ஆபரேஷன் இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் கட்டை அவிழ்த்ததும் அம்மா பார்வை சோதிக்கும் அட்டையில் 6/9 வரியை, அதாவது இயல்புப் பார்வைக்கு ஒரு வரி முன்பு வரை, வாசித்தார். எல்லோரும் வாழ்த்தினார்கள், நானும் நிம்மதியாக இருந்தேன். ஆனால் அந்த அட்டையில் இருப்பவை பளிச்சென்ற வெள்ளையில் கன்னங்கரேலென்ற எழுத்துகள். வாழ்க்கை அந்த அட்டை மாதிரி இல்லை. பத்தாம் நாள் அம்மா கருநீலத் துணியில் கறுப்பு நூலால் ஓரம் அடிக்க உட்கார்ந்தார். ஊசியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார், மங்கியது. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார், ஊசி தெரிந்தது, காதுத் துளை தெரியவில்லை. அந்த லென்ஸின் கிட்டக் குவியம் சுமார் 40 சென்டிமீட்டரில் இருக்கிறது. அம்மாவின் கைகளுக்குப் பழக்கமான தூரம் சுமார் 30 சென்டிமீட்டர். ஏழெட்டு முறை முயன்ற பிறகு ஊசியைத் திண்டில் குத்திவைத்துவிட்டு எழுந்து போனார். அன்று இரவு தெருவிளக்கு ஒவ்வொன்றையும் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி தெரிகிறது என்றார்.

திரும்பத் திரும்பப் போனோம். "மூளை பழகணும், மூணு மாசம் ஆகும்." பழகுவது உண்மைதான், பலருக்கு வளையங்கள் நாளடைவில் குறையும். மூன்று மாதம் முடிந்து போனபோது, "லென்ஸுக்குப் பின்னாடி சவ்வு லேசா படிஞ்சிருக்கு, யாக் லேசர் போட்டுடலாம், அஞ்சு நிமிஷ வேலை" என்று தேதி கொடுத்தார்கள்.

இந்த இடத்தைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். புரையை எடுக்கும்போது அதன் மெல்லிய உறையை விட்டுவைத்து, அந்தப் பைக்குள்தான் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். மாதங்களோ வருடங்களோ கழித்துப் பலருக்கு அந்தப் பையின் பின்சுவர் மங்கும். அதில் யாக் லேசரால் ஒரு துளை போட்டால் பார்வை தெளியும். மங்கியிருந்தால் அது நல்ல சிகிச்சை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் போட்ட துளையை அடைக்க முடியாது. துளை விழுந்துவிட்டால், பிறகு லென்ஸைக் கழற்றி வேறு வைப்பது பல மடங்கு சிக்கலாகிறது. பின்னால் கண்ணை நிரப்பியிருக்கும் தெளிவான கூழ் முன்னே பிதுங்கும், புது லென்ஸ் உட்காரப் பை ஒழுங்காக இருக்காது. லென்ஸே பொருந்தவில்லையோ என்ற சந்தேகம் இருக்கும்போது யாக் போடுவது, திரும்பி வரும் வழியை நாமே அடைப்பது. இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. லேசர் அன்றைக்கு வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அம்மா என் கையைப் பிடித்து, "முதல் நாள்லேர்ந்தே இப்படித்தான்டா தெரியுது, புதுசா எதுவும் படியலையே" என்றார். ஆபரேஷன் முடிந்த முதல் நாளிலிருந்தே இருக்கும் மங்கலுக்கு, பிறகு படிந்த சவ்வு எப்படிக் காரணமாகும்? எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டாவது டாக்டர் முதலில் அம்மாவைப் பேசவிட்டார். டேப் நெளியும் கதையைக் கேட்டதும் கட்டம் போட்ட அட்டையைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொன்னார். வலது கண்ணில் நடுக் கட்டங்கள் வளைந்தன. பிறகு ஓ.சி.டி. ஸ்கேன். கண்ணைத் தொடுவதில்லை, ஊசி இல்லை, சில நிமிடம்தான். திரையில் விழித்திரையின் அடுக்குகள் வரிவரியாக வந்தன. நடுவில் இருக்க வேண்டிய குழிவு தட்டையாகி, அதன் மேல் பளபளப்பாக ஒரு கோடு. எபிரெட்டினல் மெம்ப்ரேன், விழித்திரையின் மேல் வளர்ந்து அதைச் சுருக்கி இழுக்கும் சவ்வு. மூன்றரை மாதத்தில் வந்ததாகத் தெரியவில்லை, ஆபரேஷனுக்கு முன்பே இருந்திருக்கும், அன்றே ஓ.சி.டி. எடுத்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார். பையின் பின்சுவரைக் காட்டி, "இது இந்த அளவு மங்கலுக்குக் காரணமில்லை. நல்லவேளை, லேசர் போடலை" என்றார்.

லென்ஸை மாற்ற முடிவு செய்தோம். முதல் ஆபரேஷனைப் போல எளிதில்லை. மாதங்கள் ஆக ஆகப் பை லென்ஸைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. அதை மெல்லப் பிரித்து, கண்ணுக்குள்ளேயே லென்ஸை வெட்டித் துண்டாக வெளியே எடுத்து, புதியதை வைக்க வேண்டும். அதற்கு முன் உள்ளே இருப்பது எந்த மாடல், என்ன பவர் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். எங்களிடம் லென்ஸ் அட்டை இல்லை, பில்லில் வெறும் "பிரீமியம் லென்ஸ்" என்றிருந்தது. ஒவ்வொரு லென்ஸ் பெட்டியிலும் மாடல், பவர், வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும், அதில் ஒன்று நோயாளியிடம் வர வேண்டும். கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

இந்த முறை பவரை முடிவு செய்யும் முன் டாக்டர் ஒரு ஊசியையும் நூலையும் அம்மா கையில் கொடுத்து, "எப்பவும் பிடிக்கிற மாதிரி பிடிங்க" என்று சொல்லி அளவுகோலால் அளந்தார். 30 சென்டிமீட்டர். மோனோஃபோக்கல்தான், ஆனால் ஏறத்தாழ மைனஸ் மூன்று மிச்சம் இருக்கும்படி. எப்போதும்போலத் தூரத்துக்குக் கண்ணாடி, ஊசிக்கு வெறுங்கண். வாழ்நாள் முழுக்கக் கிட்டப்பார்வையோடு வாழ்ந்தவரின் கண்ணைத் தூரத்துக்கு மாற்றினால், கண்ணாடி இல்லாமல் அருகில் பார்க்கும் வசதி போய்விடும் என்பதை எத்தனை பேருக்கு முன்கூட்டியே சொல்கிறார்கள்?

லென்ஸ் பவரைக் கணக்கிடக் கண்ணை அளக்கும் பயோமெட்ரியையும் நிதானமாக எடுத்தார்கள். கண்ணின் நீளத்தை அளப்பதில் 1 மில்லிமீட்டர் தவறினால் பவர் 2.5 முதல் 3 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) வரை மாறிவிடும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் இந்த அளவெடுப்புக்கு முன் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், அது கருவிழியின் வளைவை மாற்றியிருக்கும். வீட்டில் ஆண்களுக்குப் புராஸ்டேட் தொந்தரவுக்காக டாம்சுலோசின் மாத்திரை இருந்தால், நிறுத்தி வருடங்கள் ஆகியிருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆபரேஷன் நடுவில் கண் பாப்பா தளர்ந்து சுருங்கக்கூடும், தெரிந்திருந்தால் தயாராக இருப்பார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆபரேஷனுக்கே பயப்பட வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் இல்லை. ஹரால்ட் ரிட்லி 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் செயற்கை லென்ஸை வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் சிதறிய விமானக் கண்ணாடிப் பிளாஸ்டிக் துண்டுகளைக் கண் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்ததிலிருந்து வந்த யோசனை அது. அது பரவலாகும் வரை புரை எடுத்தவர்களுக்கெல்லாம் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. எங்கள் பாட்டியை அப்படித்தான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பெரிய வரத்தை விற்பனை மேசையில் வைத்து, நோயாளியின் பேச்சைக் கேட்காமல் கொடுத்ததுதான் என் கோபம்.

லென்ஸ் மாற்றி ஐந்து மாதம் ஆகிறது. அம்மா மறுபடி தைக்கிறார். விளக்கைச் சுற்றி வலை இல்லை. டேப் இன்னும் கொஞ்சம் நெளிகிறது, விழித்திரை மேலுள்ள அந்தச் சவ்வை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனில் பார்த்துவருகிறோம். கூடினால் அதற்குத் தனி ஆபரேஷன். இடது கண்ணின் புரைக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை. ஓ.சி.டி. எடுத்தாகிவிட்டது, அந்த விழித்திரை சுத்தமாக இருக்கிறது. அதற்கும் அதே 30 சென்டிமீட்டர்தான் என்று அம்மா சொல்லிவிட்டார்.

முதல் மருத்துவமனையிடம் முழுக் கோப்பின் நகல் கேட்டு மூன்று கடிதம் கொடுத்திருக்கிறோம். இரண்டாவது கடிதத்துக்கு லென்ஸ் ஸ்டிக்கர் வந்தது, கூடவே "ஆபரேஷன் வெற்றிகரமாக முடிந்தது" என்று இரண்டு வரி. ஆபரேஷனுக்கு முன் விழித்திரையைப் பார்த்ததற்கான தாள் இன்னும் வரவில்லை.