வெட்டினால் உதிராத மீட்லோஃப்: பல வருடம் செய்து பார்த்ததில்

மீட்லோஃப், அதாவது கைமாவைப் பிசைந்து பிரெட் வடிவில் பிடித்து ஓவனில் சுடும் பண்டம், உதிர்கிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் யோசனை, ‘இன்னொரு முட்டை ஊற்று’ என்பதுதான். அமெரிக்காவுக்கு வந்து, இந்த ஊர்க்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைச் சமையலைப் பழகி, வருடக்கணக்கில் செய்துவரும் ஆளாகச் சொல்கிறேன்: அதில் பெரிய பலன் இல்லை. இரண்டு பவுண்டு கைமாவுக்கு, அதாவது சுமார் 900 கிராமுக்கு, இரண்டு முட்டை தாராளம். அதற்கு மேல் போனால் துண்டு நிற்கும்தான், ரப்பர் மாதிரி நிற்கும்.

பிடிமானம் முதலில் கறியிலிருந்தே வரவேண்டும். உப்புப் போட்டுப் பிசையும்போது கறியிலுள்ள மயோசின் என்ற புரதம் கரைந்து பசையாகிறது. சூடு பட்டதும் அது இறுகிப் பிடித்துக்கொள்கிறது. சாசேஜ் உதிராமல் இருப்பதும் இதனால்தான். ஆனால் மொத்தக் கறியையும் அப்படிப் பிசைந்தால் சாசேஜ்தான் கிடைக்கும், மீட்லோஃப் கிடைக்காது. எனக்குச் சரிப்பட்டுவரும் வழி இது: கைமாவில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, மொத்தத்துக்கும் தேவையான ஒன்றரை டீஸ்பூன் உப்பையும் அதிலேயே போட்டு, விரலில் ஒட்டும் வரை பிசைவேன். பிறகு மற்றதையெல்லாம் சேர்த்து, அழுத்தாமல் விரலால் கலந்துவிட்டு நிறுத்திவிடுவேன். கறி ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருக்கவேண்டும். கை சில்லிட்டு வலிக்கும், வேறு வழியில்லை. கொழுப்பு 15 சதவீதம் உள்ள மாட்டுக்கறி கைமா போதும். 7 சதவீதம் மட்டும் உள்ளதை ஆரோக்கியம் என்று வாங்கினால் வறண்டு பொடிப்பொடியாகப் போகும்.

அடுத்தது பிரெட். இதைப் பாலில் ஊறவைத்து, கூழாக மசித்துத்தான் சேர்க்கவேண்டும். உலர்ந்த தூளாகப் போட்டால் அது கறியின் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். ஊறிய கூழோ கறித் துணுக்குகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து, அவை ஒன்றையொன்று இறுக்கிச் சாற்றைப் பிழிந்துவிடாமல் தடுக்கிறது. ஓரம் நீக்கிய வெள்ளை பிரெட் இரண்டு மூன்று துண்டு, அரை கப் பால், அவ்வளவுதான். சால்டீன் என்ற மெல்லிய உப்பு பிஸ்கட்டும் நன்றாக வரும், ஆனால் அதிலேயே உப்பு இருக்கிறது, கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். ஓட்ஸ் போட்டால் துண்டு மிக உறுதியாக நிற்கிறது. வாயில் வைத்தால் கஞ்சி வாசம், எனக்குப் பிடிக்கவில்லை. கோலா உருண்டை ஞாபகத்தில் பொட்டுக்கடலை மாவும் போட்டுப் பார்த்தேன். பிடிப்பு பிரமாதம், ருசி மட்டும் காரைக்குடிக்குப் போய்விடுகிறது. அதற்குக் கோலா உருண்டையே செய்துவிடலாமே.

பிரெட் சேர்ப்பதைக் கலப்படம் மாதிரி நினைப்பவர்கள் உண்டு. 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அமெரிக்க வீடுகளில் கொஞ்சம் கறியை நிறைய பேருக்குப் பரிமாறக் கைகொடுத்த பண்டம் மீட்லோஃப். காசுக்காகச் சேர்த்த பிரெட்டே பக்குவத்துக்கும் உதவுகிறது என்பதால், வசதி வந்த பிறகும் யாரும் அதை விடவில்லை.

வெங்காயத்தைப் பெரிதாக நறுக்கிப் பச்சையாகப் போடவே கூடாது. தண்ணீர் விட்டு, சுற்றியுள்ள கறியிலிருந்து விலகி நிற்கும். கத்தி போகும்போது துண்டு அந்த இடத்தில்தான் பிளக்கும். பொடியாக நறுக்கி, வதக்கி, ஆறவைத்துச் சேர்க்கவேண்டும்.

இனி வாங்கிய சாமான்கள். கொழுப்பு வடிவதற்காக அடியில் ஓட்டை போட்ட உள்தட்டோடு வரும் லோஃப் பாத்திரம் (பிரெட் சுடும் நீளப் பாத்திரம்) ஒன்று இருக்கிறது. ஆரம்பத்தில் நன்றாகவே இருந்தது. போகப்போக ஓட்டைகளில் கறி அடைத்து, பல் தேய்க்கும் பிரஷ் இல்லாமல் கழுவ முடியாத நிலை. மேல்பூச்சும் உரிய ஆரம்பித்தது. இன்று அது பரணில் கிடக்கிறது. சாதாரண லோஃப் பாத்திரத்தில் அப்படியே சுட்டால் கறி தன் கொழுப்பிலேயே மிதந்து, பக்கங்கள் வெளிறிப்போய்த் தளர்ந்துவிடும். நான் பாத்திரத்தில் பிளாஸ்டிக் உறை விரித்து, கலவையைக் காற்றிடைவெளி இல்லாமல் அமுக்கி, பேக்கிங் ட்ரேயில் கவிழ்த்து, உறையை உரித்துவிட்டு ஓவனில் வைக்கிறேன். மேலேயும் பக்கங்களிலும் மொறுகிய தோல் பிடிக்கிறது. வெட்டும்போது அந்தத் தோலும் துண்டைத் தாங்கும். ஈரக்கையால் மேலே வழித்துவிட்டால் வெடிப்பும் குறையும்.

வாங்கியதில் காசுக்கு மதிப்பானது தெர்மாமீட்டர் ஒன்றுதான். 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும் என்றாலும் கடிகாரத்தை நம்ப முடியாது, உருவத்தின் தடிமனைப் பொறுத்து மாறும். மாட்டுக்கறி கைமாவுக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பான உள்வெப்பம் 160 டிகிரி, நம் கணக்கில் 71 செல்சியஸ். வான்கோழி, கோழி என்றால் 165 ஃபாரன்ஹீட். நடுவில் குத்திப் பார்த்து, அந்த எண் வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டால் புரதம் சுருங்கிச் சாறு ட்ரேயில் ஓடும், துண்டு தூளாகும். கெட்சப், பிரவுன் சுகர், வினிகர் பூச்சைக் கடைசி இருபது நிமிடத்தில் தடவினால் போதும், முன்பே தடவினால் கருகும்.

எடுத்த பிறகு பதினைந்து நிமிடம் தொடக்கூடாது. வீட்டில் பசியோடு இருப்பவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் இந்தச் சமையலிலேயே கஷ்டமான வேலை. அந்த நேரத்தில் சாறு கெட்டிப்பட்டு உள்ளேயே தங்கும். பிறகு நீளமான ரம்பப் பல் கத்தியை அழுத்தாமல் முன்னும் பின்னும் இழுத்து, ஒரு அங்குலத் தடிமனில் வெட்டினால் துண்டு முழுசாக வரும். அரை அங்குலத் துண்டு வேண்டுமானால் அன்றைக்கு ஆசைப்படாதீர்கள். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் குளிர்ச்சியாகவே வெட்டி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்டி, கடுகு சாஸ் தடவிய பிரெட்டுக்குள் வைத்துச் சாப்பிடுங்கள். எனக்கு முதல் நாள் சாப்பாட்டைவிட அதுதான் பிடிக்கும்.