சாரல் ஊரில் புறவாசல் சமையல்: வாங்கியதில் எது நின்றது, எது நிற்கவில்லை

செங்கோட்டையில் கிழக்கு பார்த்த வீடு என்றால் புறவாசல் மேற்கே, ஆரியங்காவுக் கணவாய்ப் பக்கம் பார்த்துத்தான் இருக்கும். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் அந்தக் கணவாய் வழியாக வருகிற காற்றும் சாரலும் நேரே அங்கேதான் வந்து அடிக்கும். சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்கள் நல்லது என்று சொல்கிற நாற்காலி, மேஜை, கிரில் அடுப்பையெல்லாம் அப்படியே வாங்கி இங்கே போட்டால் ஒரு சாரல் பருவத்தைத் தாண்டுவதே கஷ்டம். எங்கள் புறவாசலில் உட்காரவும் சமைக்கவும் எல்லாம் போட்டு, ஒரு முழுச் சாரலும் அதற்குப் பின்னால் ஐப்பசி மழையும் பார்த்தாகிவிட்டது. எது நின்றது என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

முதல் பாராட்டு செங்கோட்டையை ஒட்டியிருக்கிற பிரானூர் மர மில்களுக்கு. பிரானூர் பார்டருக்குப் பரோட்டாவும் கோழியும் சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கே இத்தனை அறுவை மில்கள் இருப்பதைக் கவனிப்பதே இல்லை. நீள மேஜைக்கும் இரண்டு பெஞ்சுக்கும் மரம் கேட்டுப் போனேன். மில்லில் இருந்த அண்ணாச்சி தேக்கை என் தலையில் கட்டப் பார்க்கவில்லை. "வெளியில போடுறதுக்கு ஆயினி போதும் தம்பி, மிச்சக் காசைக் கூரைக்குப் போடுங்க" என்றார். கேரளத்தில் வள்ளம் செய்கிற மரம் அது, தண்ணீருக்குப் பயப்படாது. ஆசாரி ஆணியே அடிக்காமல் துளையும் முளையுமாகப் பூட்டிக் கொடுத்தார், கால்களுக்கு அடியில் மட்டும் கருங்கல் துண்டு வைத்தோம், ஈரத் தரையில் மரம் நேரே நின்றால் எந்த மரமானாலும் அடியிலிருந்துதான் உளுக்கும். சாரல் முடிந்து பார்த்தபோது நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். எண்ணெய் ஒரு கை தேய்த்தவுடன் பழைய நிறம் வந்துவிட்டது.

இதற்கு நேர் எதிர் ரப்பர் மர நாற்காலி செட். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து நிறைய வருகிறது, விலையும் குறைவு, பார்க்கவும் லட்சணமாக இருக்கும். வீட்டுக்குள் போட நல்ல சாமான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதைப் பூச்சியிலிருந்து காப்பாற்ற ஏற்றுகிற போரான் உப்பு தண்ணீரில் கரையக்கூடியது, மழையில் நனைய நனைய மருந்து வெளியே போய்விடும், அப்புறம் கரும்பூஞ்சையும் வண்டும் சேர்ந்து மரத்தைத் தின்றுவிடும். மைத்துனர் வீட்டுப் புறவாசலில் கிடந்த செட் ஆடி முடிவதற்குள் கறுத்துப் போனது. கடைக்காரர் "ட்ரீட்டட் வுட்" என்று சொல்லி விற்றது பொய்யில்லை, எங்கே போடலாம் என்று சொல்லாமல் விட்டதுதான் தப்பு.

கூரை விஷயத்தில் கஞ்சத்தனமே கூடாது. கலர் கோட்டிங் தகர ஷீட் போட்டோம், சரிவை மேற்கே தாழ்த்தி. சாரல் படுக்கையாக அடிப்பதால், மேற்குப் பக்கம் உயர்த்தி வைத்த கூரை இருந்தும் இல்லாததும் ஒன்று. மேலேயிருந்து வெளிச்சம் வேண்டும் என்று வீட்டில் அம்மா கேட்டதால் நடுவில் ஒரு பாலிகார்பனேட் ஷீட், அது அடுப்புக்கு நேர் மேலே வராதபடி.

அடுப்புக்கு இடம் குறித்துக் கொடுத்தவர் கொத்தனார். மேற்கேயிருந்து வீசுகிற மேல்காற்றில் புகை முழுக்க வீட்டைப் பார்த்துத்தான் போகும். அதனால் புறவாசலின் தெற்கு ஓரத்தில், வீட்டுச் சுவரைத் தாண்டின இடத்தில் அடுப்பைக் கட்டச் சொன்னார், புகை பக்கவாட்டுச் சந்து வழியாகவே போய்விடுகிறது. உள்ளே தீ படுகிற இடத்துக்குச் சிமெண்ட் கலவை வேண்டாம் என்று களிமண்ணும் மணலும் சேர்த்துத்தான் செங்கல் அடுக்கினார். சிமெண்ட் பூச்சு சூட்டில் வெடித்துப் பொருபொருத்து விழும். இந்த வேலைக்கு அவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

சரி, கிரில். ஆன்லைனில் வாங்கிய மடக்கு கிரில்லை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். கம்பி மெல்லிசு, மேலே பளபளவென்று குரோம் பூச்சு, நாலு தடவை கரி மூட்டியதும் பூச்சு செதில் செதிலாக உரிந்தது. அது கோழியில் ஒட்டும் என்று நினைத்தாலே சாப்பிடப் பிடிக்கவில்லை. தென்காசியில் ஒரு வெல்டிங் பட்டறையில் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 8 மில்லிமீட்டர் கம்பி வைத்துத் தட்டு செய்து வாங்கினேன், கூலியோடு 2,500 ரூபாய் ஆனது, ஆன்லைன் சாமானை விட அதிகம்தான், ஆனால் துளி துரு இல்லை. இதில் ஒன்று கவனிக்க வேண்டும். காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல ஸ்டீல் என்பார்கள். 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம், நம் ஊர் ஈரத்துக்குச் சீக்கிரம் துருப் பிடிக்கும். எனவே பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியோ தகரமோ தீயின் மேல் வேண்டவே வேண்டாம், அந்தப் புகை உடம்புக்குக் கெடுதல்.

கரி என்றால் சிரட்டைக் கரிதான். பற்றிக்கொள்ள நேரம் எடுக்கும், பற்றிவிட்டால் புகையில்லாமல் நின்று எரியும், காடையும் நாட்டுக்கோழியும் உள்ளே வரைக்கும் வேக அந்த நிதானமான கனல்தான் வேண்டும். வேலிக்கருவைக் கரி மலிவு, அவசரத்துக்கு ஆகும். எந்தக் கரியானாலும் மழை வந்துவிட்டது என்று அடுப்பைத் தூக்கி மூடிய அறைக்குள் வைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளைக் கொல்லும்.

இன்னொரு நல்ல வாங்கல் பெரிய வார்ப்பிரும்புக் கல். பரோட்டா போடலாம், வாழையிலையில் மசாலாவோடு மடித்த அயிலையை அதில் போட்டு மூடினால் இலை கருகி மீன் பதமாக வெந்திருக்கும், மரச்சீனிக் கிழங்கோடு சாப்பிட்டுப் பாருங்கள். கழுவினதும் துடைத்து நல்லெண்ணெய் தடவி வைக்க வேண்டும், சாரல் காலத்தில் ஒரு ராத்திரி சும்மா விட்டாலே துரு பூத்துவிடும்.

மேடைக்குக் கடப்பாக் கல் போடாதீர்கள். அது சுண்ணாம்புக் கல். எலுமிச்சையோ புளியோ சிந்தினால் வெள்ளைத் தழும்பு விழும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கிரானைட் துண்டு போட்டிருக்கிறோம், கவலையே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் கூட்டம் வந்தால் எடுத்துப் போட நாலைந்து இருந்தால் போதும். விளக்குக்கு ஐ.பி. 65 (தூசியும் தண்ணீரும் உள்ளே புகாத தரம்) என்று அட்டையில் போட்ட எல்.ஈ.டி. பார்த்து வாங்குங்கள், படுக்கையாக அடிக்கிற சாரலுக்கு அதுதான் நம்பிக்கை.

ஆயினி வாங்க நினைப்பவர்கள் மாசி, பங்குனியிலேயே பிரானூர் போய்விடுங்கள். மரம் காய வெயில் கிடைக்கும். சாரல் தொடங்கின பிறகு அறுத்த பச்சை மரத்தில் செய்த மேஜை கோடையில் முறுக்கிக்கொள்ளும். பலகை அறுத்த தேதியைக் கேளுங்கள், நல்ல மில்காரர் முகம் சுளிக்காமல் சொல்வார்.